கவர்னர் மந்தமா, அதன் கையைக் கட்டிப்போட்டிருக்கிறோமா?

உங்களிடம் இருப்பது பழைய பெட்ரோல் டிராக்டர். பாரம் இல்லாமல் ஓடும்போது எஞ்சின் சீராக இருக்கிறது. புல்வெட்டியை இறக்கி அடர்ந்த புல்லுக்குள் நுழைந்ததும் எஞ்சினின் சுற்று வேகம் சரேலென்று விழுகிறது. நான்கைந்து விநாடி திணறிய பிறகே மெல்ல எழுகிறது. புல் தீர்ந்து பாரம் விலகினால் நேர்மாறாக எஞ்சின் ஒரு கணம் அலறிவிட்டு நிதானமாக அடங்குகிறது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டீர்கள், எஞ்சின் வேகத்தைத் தானாகச் சீராக வைக்கும் கவர்னர் என்ற கருவியின் ஸ்பிரிங்கையும் புதிதாக மாற்றிவிட்டீர்கள், பலனில்லை. இனி கவர்னரையே முழுதாக மாற்ற வேண்டுமா என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்வியை நான் கொஞ்சம் பிரித்துக் கேட்டுக்கொள்கிறேன். பாரம் ஏறியதை கவர்னர் தாமதமாக உணர்கிறதா? உடனே உணர்ந்தும் த்ராட்டிலை, அதாவது எஞ்சினுக்குள் போகும் கலவையைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் தகட்டை, திறக்க முடியாமல் தவிக்கிறதா? அல்லது அது திறந்துவிட்ட பிறகும் எஞ்சினுக்குத் தெம்பு வரவில்லையா? இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

நீங்கள் எழுதியதிலேயே முக்கியமான துப்பு ஒன்று இருக்கிறது. எஞ்சினுக்குத் தெம்பு மட்டும் குறைந்திருந்தால், பாரம் ஏறும்போது அது விழும். பாரம் விலகும்போது அலறாது. அந்தக் கணத்தில் த்ராட்டில் மூடத் தாமதமானால்தான் எஞ்சின் எகிறும். திறப்பதிலும் தாமதம், மூடுவதிலும் தாமதம் என்றால், ஏதோ ஒன்று இரண்டு திசையிலும் இழுத்துப் பிடிக்கிறது என்று பொருள். இதுவரை எனக்குச் சந்தேகமில்லை. எங்கே பிடிக்கிறது என்பதை மட்டும் டிராக்டருக்குப் பக்கத்தில் நிற்காமல் சொல்ல முடியாது. மாடலையும் நீங்கள் குறிப்பிடவில்லை. ஆகவே பழைய பெட்ரோல் டிராக்டர்கள் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும் வழியைச் சொல்கிறேன்; குறிப்பிட்ட அளவுகளுக்கு உங்கள் டிராக்டரின் கையேட்டைப் பாருங்கள். இத்தனை வருடங்களில் "கவர்னர் போய்விட்டது" என்று என்னிடம் வந்த எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் கவர்னரை நான் பிரிக்கவே இல்லை. குற்றம் அதற்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் எங்கோ இருந்தது.

கவர்னருக்குள் நடப்பது ஓர் இழுபறி. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் எடைகள் வெளிப்பக்கம் விரியத் துடிக்கின்றன. அவை விரிந்தால் த்ராட்டில் மூடும். ஸ்பிரிங் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. அதன் கை ஓங்கினால் த்ராட்டில் திறக்கும். கை ஆக்சிலரேட்டரை நகர்த்தும்போது நீங்கள் த்ராட்டிலை நேரடியாகத் திறப்பதில்லை. ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத்தான் மாற்றுகிறீர்கள். எந்த வேகத்தில் எடைகளும் ஸ்பிரிங்கும் சமன் ஆகின்றனவோ, அந்த வேகத்தில் எஞ்சின் நிற்கும். 1788-ல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் கொண்டுவந்ததும் இதே தத்துவம்தான். அதற்கும் முன்பே காற்றாலைகளில் அரவைக் கற்களின் இடைவெளியைச் சரிசெய்ய இது பயன்பட்டது.

இந்த இழுபறியில் ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். எடைகளின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். இப்போது இணைப்புகளில் எங்கோ உராய்வு இருக்கிறது என்றும், நிமிடத்துக்கு 1500 சுற்றில் எடைகள் தரும் விசையில் அது பத்தில் ஒரு பங்கு என்றும் வைத்துக்கொள்வோம். அந்த உராய்வை மீறி, கவர்னரையும் கார்புரேட்டரையும் இணைக்கும் ராடு அசைய, எஞ்சின் ஏறத்தாழ 75 சுற்று விழுந்தாக வேண்டும். திரும்பி மூடவும் அதே அளவு ஏற வேண்டும். நடுவிலுள்ள 150 சுற்றுக்கு கவர்னர் இருந்தும் இல்லாதது போலத்தான். அதே டிராக்டரை 750 சுற்றில் ஓட்டினால், அந்த அதே உராய்வு எடைகளின் விசையில் பத்தில் நான்கு பங்காகிவிடுகிறது. எஞ்சின் 170 சுற்று வரை விழுந்த பிறகே ராடு அசையும். அதாவது வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பறிபோன பிறகு. ஆகவே நான் உங்களிடம் முதலில் கேட்பது, புல்வெட்டியை எந்த வேகத்தில் ஓட்டினீர்கள் என்பதுதான். பழைய எஞ்சின் மீது பரிதாபப்பட்டு அரை ஆக்சிலரேட்டரில் வெட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த வேகத்தில் எடைகளுக்கும் வலுவில்லை, எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலிலும் ஆற்றல் சேமிப்பில்லை. கையேட்டில் சொன்ன பி.டி.ஓ. (புல்வெட்டி போன்ற கருவிகளைச் சுழற்றும் டிராக்டரின் வெளித்தண்டு) வேகத்துக்கு ஏற்றி ஒரு முறை வெட்டிப் பாருங்கள். திணறல் பெருமளவு குறைந்தால், உராய்வு கொஞ்சம்தான் என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எடையும் ஸ்பிரிங்கும் மட்டும் உள்ள கவர்னர், பாரம் ஏறினால் பழைய வேகத்துக்கு முழுதாகத் திரும்பாது. முழுப் பாரத்தில் 1500 சுற்று என்றால், பாரம் இல்லாதபோது 1600 அல்லது 1650 வரை இருப்பது இந்த வகை டிராக்டர்களில் இயல்பு. இது பழுதல்ல. இந்தச் சரிவு இருப்பதால்தான் கவர்னர் அலையாமல் நிலைகொள்கிறது. எந்தக் கவர்னர் நிலைகொள்ளும், எது ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருக்கும் என்பதைக் கணிதமாக எழுதியவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், ஆண்டு 1868. எஞ்சின் கொஞ்சம் இறங்கி அங்கேயே உறுதியாக நின்றால் விட்டுவிடுங்கள். உங்கள் கதை அதுவல்ல; ஆழமாக விழுந்து தாமதமாக எழுகிறது.

சரி, எங்கே தேடுவது? எதையும் கழற்றுவதற்கு முன் செல்போனை எடுங்கள். கவர்னர் நெம்புகோல், அதிலிருந்து வரும் ராடு, கார்புரேட்டரின் நெம்புகோல் மூன்றும் படத்தில் தெரியும்படி அதை உறுதியாகக் கட்டுங்கள். மின்விசிறிக்கும் சூடான மேனிஃபோல்டுக்கும் தள்ளியே இருக்கட்டும். ராட்டில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளியும், அதற்குப் பின்னால் அசையாத ஏதாவது பாகத்தில் ஒரு கோடும் இடுங்கள். பிறகு வழக்கம்போல அடர்ந்த புல்லுக்குள் ஓட்டி, சாதாரணக் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து அதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் தாழ்வதும் புள்ளி நகர்வதும் ஒரே பதிவில் இருக்கும். எது முன்னால், எது பின்னால் என்பதில் ஊகத்துக்கே இடமில்லை. இதற்கு முன்பு ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பக்கத்தில் ஓடிக்கொண்டே குனிந்து பார்ப்பது வழக்கம். அந்த ஆபத்து இப்போது தேவையில்லை.

அந்தப் பதிவு நான்கில் ஒன்றைச் சொல்லும். சத்தம் தாழ்ந்ததுமே ராடு முழுத் திறப்புக்குப் போய் அங்கேயே நின்றும் எஞ்சின் திணறுகிறது என்றால், கவர்னர் தன் வேலையைச் செய்துவிட்டது. அதை விட்டுவிட்டு எரிபொருள், தீப்பொறி பக்கம் போங்கள். சத்தம் தாழ்ந்தும் புள்ளி அசையாமல் இருந்து, பிறகு சட்டென்று குதித்தால் அது உராய்வு. அந்தக் குதிப்புதான் அடையாளம். தடையில்லாத இணைப்பு குதிக்காது, வழுக்கும். கவர்னர் நெம்புகோல் நகர்ந்தும் கார்புரேட்டர் நெம்புகோல் சற்றுப் பொறுத்தே நகர்ந்தால், மூட்டுகளில் ஆட்டம். எல்லாம் உடனே நகர்ந்தும் முழுத் திறப்புக்கு முன்பே நின்றுவிட்டால், ராட்டின் நீளமோ கை ஆக்சிலரேட்டரின் அமைப்போ தவறு. உங்கள் விவரிப்பை வைத்து நான் இரண்டாவதைத்தான் எதிர்பார்க்கிறேன். மூன்றாவதும் அதோடு கலந்திருக்கலாம். தேய்ந்த எஞ்சினில் பழுதுகள் தனியாக வருவதில்லை.

அதே பதிவின் ஒலியைக் கொண்டு வேகத்தையும் அளக்கலாம். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 1500 சுற்றில் விநாடிக்கு 50 முறை தீப்பற்றும். இசைக்கருவிகளுக்குச் சுருதி பார்க்கும் செயலிகளில் அது 50 ஹெர்ட்ஸ் என்று தெரியும். 1650 சுற்று என்றால் 55. பழைய டிராக்டரில் வேகமானி வேலை செய்யாமல் இருப்பதே அதிகம் என்பதால் இது கைகொடுக்கும்.

அடுத்தது எஞ்சினை நிறுத்திவிட்டுச் செய்யும் சோதனை. கை ஆக்சிலரேட்டரை முழு வேகத்துக்குத் தள்ளுங்கள். எஞ்சின் நிற்பதால் எடைகளுக்கு விசை இல்லை, ஸ்பிரிங் மட்டுமே இழுக்கிறது. ஆகவே த்ராட்டில் தகடு முழுதாகத் திறந்து, கார்புரேட்டர் நெம்புகோல் அதன் தடுப்பில் போய் முட்டி நிற்க வேண்டும். இப்போது ராட்டை விரலால் மூடும் திசைக்குத் தள்ளி விடுங்கள். டக்கென்று திரும்ப வேண்டும். தேன் வழிவது போல நகர்ந்து வந்தால், அல்லது நடுவில் நின்றுவிட்டால், உங்கள் நோய் உங்கள் விரல் நுனியிலேயே இருக்கிறது. உடனே ராட்டைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றிவிட்டுத் தனித்தனியாகப் பாருங்கள். கார்புரேட்டர் நெம்புகோலை ஒரு விரல் எடையில் முழுதும் அசைக்க முடிகிறதா? கவர்னர் நெம்புகோலைக் கையால் இழுத்தால் மணல் உரசுவது போல ஏதும் தட்டுப்படுகிறதா? ஐந்து நிமிட வேலை இது. தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

ராட்டின் முனைகளைக் கவனமாகப் பாருங்கள். பால் ஜாயின்ட் இருந்தால் அதில் காய்ந்த கிரீஸ் புழுதியோடு சேர்ந்து கெட்டியாகியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, ஒரு சொட்டு இலேசான எண்ணெய் மட்டும் விடுங்கள். கிரீஸ் வேண்டாம், அது புழுதியைச் சேர்க்கும், குளிரில் இறுகும். வளைந்த முனை துளைக்குள் நுழையும் அமைப்பு என்றால், துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகியிருக்கும், ராட்டில் நகத்தடம் போலப் பள்ளம் விழுந்திருக்கும். ராடு வளைந்து எரிபொருள் குழாயிலோ பிளக் ஒயரிலோ உரசிய பளபளப்புத் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பு வைத்திருந்தவர்கள் யாராவது கூடுதலாக மாட்டிய ஸ்பிரிங் இருந்தால் கழற்றிவிடுங்கள். கவர்னர் வைத்த எஞ்சினில் த்ராட்டிலை மூடும் திசையில் இழுக்கும் ஸ்பிரிங் எதற்கும், கையேட்டில் இல்லாதவரை, இடமில்லை.

ஒரு டிராக்டர் நினைவுக்கு வருகிறது. புதிதாகப் பெயின்ட் அடித்து, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. உரிமையாளர் இரண்டு கார்புரேட்டர் மாற்றியிருந்தார், பாரம் எடுப்பதில் அதே மந்தம். ராட்டைக் கழற்றி கவர்னர் நெம்புகோலை இழுத்தேன். வந்தது, ஆனால் விட்டால் திரும்பவில்லை. நெம்புகோலின் ஷாஃப்ட் கூட்டுக்குள்ளிருந்து வெளியே வரும் இடத்தில், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலின் உதட்டை மூடிக்கொண்டு மோதிரம் போல ஒரு பெயின்ட் வளையம். தாளைவிடத் தடிமன் இல்லை. பிளேடு முனையால் அதைச் சுரண்டி எடுத்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் நெம்புகோல் தானாகவே டக்கென்று திரும்பியது. அதற்குப் பிறகு பெயின்ட் அடித்த டிராக்டர் எது வந்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான். பெயின்ட் இல்லாவிட்டாலும் சரி, அதே இடத்தில் துரு பிடித்துப் புஷ் (ஷாஃப்ட் சுழலும் உறை) இறுகியிருக்கும், அல்லது பழைய சீல் கல்லாகிப் பிடித்திருக்கும்.

கார்புரேட்டர் பக்கம் ஒரு பொறி இருக்கிறது. சுத்தம் செய்தும் பலனில்லை என்று நீங்கள் சொல்வதால் இதை அழுத்திச் சொல்கிறேன். த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்திருந்தால், எஞ்சின் நின்றிருக்கும்போது அது காற்றுப்போல எளிதாகச் சுழலும். எஞ்சின் ஓடும்போது உள்ளே உண்டாகும் உறிஞ்சும் விசை, பாதி மூடிய தகட்டையும் ஷாஃப்டையும் ஒரு பக்கமாக இழுத்துத் தேய்ந்த பள்ளத்தில் அழுத்துகிறது. அப்போது பிடிக்கும். மேசை மேல் வைத்து எத்தனை முறை கழுவினாலும் இந்தக் குறை கண்ணில் படாது. ஷாஃப்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். தட்டுப்படும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் அதற்குப் புஷ் போட வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஷாஃப்டின் முனையில் எண்ணெய்க் குப்பியால் சில சொட்டு விட்டு, ஓட்டம் மாறுகிறதா என்றும் பார்க்கலாம். மாறினால் அந்த வழியாகக் காற்று நுழைகிறது. இதற்குப் பெட்ரோலைத் தெளிக்காதீர்கள், பக்கத்திலேயே சூடான மேனிஃபோல்டு இருக்கிறது. சுத்தம் செய்தபோது தகட்டைக் கழற்றினீர்களா? அந்தத் தகட்டின் விளிம்பு சரிவாக வெட்டப்பட்டிருக்கும். திருப்பிப் போட்டால் கூட்டின் சுவரில் கடிக்கும். தகட்டை முழுதாக மூடிப் பிடித்துக்கொண்டு திருகுகளை இறுக்குவதுதான் முறை.

நீங்கள் மாற்றிய ஸ்பிரிங் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை இருக்கிறது. அது அந்த மாடலுக்கென்று வந்த ஸ்பிரிங்கா, அல்லது அளவு ஒத்துப்போகிறது என்று எடுத்ததா? ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பியின் விட்டத்தின் நான்காம் படியாக ஏறும். 2 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 2.2 மில்லிமீட்டர் கம்பி என்றால், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. விறைப்பு ஏறத்தாழ 46 சதவீதம் கூடிவிடும். விறைத்த ஸ்பிரிங் இருந்தால் எஞ்சின் அதிகமாக விழுந்த பிறகே த்ராட்டில் முழுதாகத் திறக்கும். இருக்கையில் இருப்பவருக்கு அது மந்தமாகவே தெரியும். மிகவும் தளர்ந்த ஸ்பிரிங் என்றால் எஞ்சின் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கும். பழைய ஸ்பிரிங் கையில் இருந்தால் கம்பியின் தடிமன், சுருள்களின் எண்ணிக்கை, தளர்ந்த நிலையில் நீளம் மூன்றையும் ஒப்பிடுங்கள். நீண்டு தளர்ந்திருக்காவிட்டால் பழையதையே திரும்பப் போடுங்கள். சில கவர்னர்களின் நெம்புகோலில் ஸ்பிரிங் மாட்ட இரண்டு மூன்று துளைகள் இருக்கும். அச்சுக்கு அருகிலுள்ள துளைக்கும் தள்ளியுள்ள துளைக்கும் நடத்தை வேறு. எது சரி என்பதைக் கையேடுதான் சொல்ல வேண்டும்.

ராட்டின் நீளத்துக்குப் பொதுவான விதி எளிது. ஸ்பிரிங் முழுதாக இழுத்து நிற்கும்போது, கவர்னர் நெம்புகோல் தன் எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்பே த்ராட்டில் தகடு முழுதாகத் திறந்திருக்க வேண்டும். நீளம் தவறினால் தகடு முக்கால் பங்குதான் திறக்கும். எத்தனை ஸ்பிரிங் மாற்றினாலும் மீதிக் கால் பங்கு கிடைக்காது. சில மாடல்களில் எஞ்சின் அலைவதைத் தடுக்க ஒரு திருகும் சின்ன ஸ்பிரிங்கும் வைத்திருப்பார்கள். யாராவது அதை அளவுக்கு மீறி உள்ளே திருகியிருந்தால் கவர்னரின் இயல்பான நடமாட்டமே கெட்டுப்போகும்.

வெளியே எல்லாம் தடையின்றி ஓடியும் மந்தம் போகவில்லை என்றால்தான் கவர்னரைத் திறப்பேன். உள்ளே எடைகளின் கால்கள் தேய்ந்து தட்டையாகியிருக்கும், ஊசிகள் ஆடும், நடுவில் சறுக்கும் உறை பிசினில் ஒட்டியிருக்கும், அதன் முனையிலுள்ள தள்ளுவிசை பேரிங் கரகரக்கும். ஃபோர்டு 9-என், 2-என், 8-என் டிராக்டர்களில் எடைகளுக்குப் பதிலாக எஃகு உருண்டைகள். அவை உருளும் தடத்தில் பள்ளம் விழுந்தால், அந்தப் பள்ளத்திலிருந்து ஏறி வரும் வரை எதுவும் நகராது. குறிப்பிட்ட ஒரே வேகத்தில் மட்டும் மந்தம் தெரிந்தால் இப்படிப்பட்ட பள்ளத்தைச் சந்தேகிக்கலாம். உறுதி என்று சொல்ல மாட்டேன், ஆனால் வருடக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடிய எஞ்சினில் தேய்மானம் அந்த ஒரே இடத்தில்தான் விழும்.

சூட்டையும் கவனியுங்கள். காலையில் மந்தமாக இருந்து, அரை மணி நேரம் ஓடியதும் தேறினால் கெட்டியான எண்ணெய் அல்லது பிசுக்கு. பல எஞ்சின்களில் கவர்னர் எடைகள் எஞ்சின் எண்ணெயிலேயே நனைந்து சுழல்கின்றன. தேய்ந்த எஞ்சினில் எண்ணெய் குடிப்பதைக் குறைக்க அளவுக்கு மீறிய கெட்டி எண்ணெய் ஊற்றினால் முதலில் சுணங்குவது கவர்னர்தான். மாறாக, சூடானதும் மோசமானால் அங்கே இரண்டு வாய்ப்பு: இறுக்கமான புஷ் சூட்டில் விரிந்து பிடிக்கிறது, அல்லது பற்றவைப்புச் சுருளோ கண்டென்சரோ சூட்டில் பலவீனமாகிறது. செல்போன் பதிவில் ராடு எங்கே நின்றது என்பதை வைத்து இவற்றைப் பிரித்துவிடலாம்.

ராடு முழுதாகத் திறந்தும் எஞ்சின் எழவில்லை என்று பதிவு காட்டினால், எரிபொருள் ஓட்டத்தில் தொடங்குங்கள். எஞ்சினை ஆறவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைக் கழற்றி, பெட்ரோலைப் பாத்திரத்தில் பிடியுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஓட்டம் மெலியாமல் வர வேண்டும். முதலில் கொட்டி, பிறகு நூலாகிவிட்டால் டேங்க் மூடியின் காற்றுத்துளை, வடிகட்டி வலை, குழாய் இவற்றில் அடைப்பு. பாரத்தில் திணறும்போது சோக்கைக் கொஞ்சம் இழுத்து, எஞ்சின் தெம்பு பெற்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. பெட்ரோலை அளந்து விடும் துளையான முக்கிய ஜெட்டைப் பாருங்கள். அதிலும் மாற்றமில்லை என்றால் பாயின்ட் இடைவெளி, டைமிங், காற்று வடிகட்டி, சைலன்சர் அடைப்பு, கடைசியில் கம்ப்ரஷன்.

டீசல் டிராக்டர் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அதையும் தொட்டுவிடுகிறேன். சிலிண்டருக்கு ஒன்றாக உந்துதண்டுகள் வரிசையாக உள்ள டீசல் பம்பில் (வரிசைப் பம்ப்) த்ராட்டில் தகட்டின் வேலையை உள்ளே நகரும் ரேக் என்ற கட்டுப்பாட்டுத் தண்டு செய்கிறது. டீசலில் தண்ணீர் சேர்ந்து துரு பிடித்தாலோ, மேலேயுள்ள டெலிவரி வால்வுப் பிடிப்புகளை அளவுக்கு மீறி இறுக்கினாலோ ரேக் இறுகிவிடும். பழைய ஃபோர்ட்சன் மேஜர் போன்றவற்றில் காற்றின் உறிஞ்சு விசையால் இயங்கும் கவர்னர் உண்டு. அதில் தோல் டயாஃப்ரம் காய்ந்து கசியும். அதற்கு எளிய சோதனை: நிறுத்தும் நெம்புகோலை நிறுத்தும் நிலைக்குத் தள்ளி, உறிஞ்சு குழாய் மாட்டும் வாயை விரலால் அடைத்து, நெம்புகோலை விடுங்கள். ரேக் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட வேண்டும். தொடர்ந்து நழுவி வந்தால் கசிவு. சி.ஏ.வி. டி.பி.ஏ. போன்ற சுழல் பம்பில் எரிபொருளை அளந்து விடும் சின்ன வால்வு பிசினால் ஒட்டும். ரூசா மாஸ்டர் வகைப் பம்புகளில் எடைகளின் கூண்டிலுள்ள நெகிழ் வளையம் வயதாகி உதிர்ந்து, அந்தத் துகள்கள் திரும்பும் குழாயை அடைக்கும். ஆனால் டீசல் பம்பைச் சோதனை மேடை இல்லாமல் பிரிப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. வெளி இணைப்பு, வடிகட்டி, காற்றுக் கசிவு மூன்றையும் நீங்கள் பாருங்கள். மீதியைப் பம்ப் பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள்.

கவர்னர் எஞ்சினின் வேகத்தை மட்டுமல்ல, உயிரையும் காக்கிறது. ராட்டைக் கழற்றி வைத்த நிலையில் எஞ்சினை இயக்க வேண்டாம். த்ராட்டில் தானாகத் திறந்துகொண்டால் எஞ்சின் எல்லை மீறிப் பறக்கும். முதல் முறை மீண்டும் இயக்கும்போது ஒருவர் கை ஸ்விட்சில் இருக்கட்டும். டீசல் என்றால், காற்று நுழையும் வாயை மூட ஒரு தட்டையான பலகையைப் பக்கத்தில் வையுங்கள்.

உராய்வை நீக்கிய பிறகு ஒரு வேலை மிச்சமிருக்கும். இத்தனை காலம் யார் யாரோ அந்த மந்தத்தை ஈடுகட்ட ஸ்பிரிங்கை இறுக்கி, உச்ச வேகத் திருகைத் தளர்த்தியிருப்பார்கள். தடை போனதும் அதே அமைப்பில் எஞ்சின் முன்பைவிட அதிகமாகச் சுழலக்கூடும்; தகட்டில் உராய்வு இல்லாததால் இலேசாக அலையவும் கூடும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, கை ஆக்சிலரேட்டரை முழுதாகத் தள்ளி, பாரமில்லாத உச்ச வேகத்தை அளந்து, கையேட்டில் உள்ள எண்ணுக்குத் திருகைச் சரிசெய்யுங்கள். பிறகு பி.டி.ஓ. 540 சுற்றுக்கு எஞ்சின் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று பார்த்து, ஆக்சிலரேட்டர் பாதையில் அந்த இடத்தைப் பெயின்டால் குறியுங்கள். பழைய ஃபெர்கூசன் டி.இ.20-ல் அது ஏறத்தாழ 1500. புல்வெட்டியின் கத்திகள் அந்த 540-க்குத்தான் வடிவமைக்கப்பட்டவை. அதன் பிறகு இன்னொரு முறை செல்போனைக் கட்டி அதே அடர்ந்த புல்லுக்குள் ஓட்டி, வெள்ளைப் புள்ளி எப்படி நகர்கிறது என்று முதல் பதிவோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பதிவுகளையும் டிராக்டரின் மாடலையும் அனுப்பினால், மேற்கொண்டு நிச்சயம் பார்த்துச் சொல்கிறேன்.